மாத்தளைத் தமிழரின் மணவிழாச் சிற்றுண்டி: ஒரு வரலாற்று நோக்கு

மணவிழாவுக்கு வருவோரை வாயிலில் எதிர்கொண்டு, சந்தனமும் குங்குமமும் நல்கி, பன்னீர் தெளித்து, பந்தி கூடுமுன் பசியாறச் சிறிது உணவும் அளிப்பது தமிழர் வழக்கு. மணவிருந்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; அதற்கு முன் வழங்கும் சிற்றுண்டியின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சிறியதாகத் தோன்றும் இத்தட்டிலேதான் ஒரு குடும்பத்தின் அன்பும் ஆற்றலும் ஒருங்கே வெளிப்படுகின்றன. மண்ணும் வருவாயும் தந்ததைக் கொண்டு அமைந்தபோது அது சிறப்புற்றது. பிறர் கண்ணுக்காகப் பெருகியபோது கடனாயிற்று. மாத்தளை மாவட்டத் தமிழரின் வாழ்வைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை ஈண்டு ஆராய்வோம்.

உணவு வகைகளை அடுக்கிக் காட்டிப் பெருமை பேசும் வழக்கு நம் பழைய மணப்பாடல்களில் இல்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகின்றார். புதுமணல் பரப்பிய பந்தரும், மாலை தொங்கும் மனையும், விளக்கொளியும், நீர்க்குடம் சுமந்த முதுபெண்டிரும் அங்கே உளர். உணவோ உழுந்து சேர்த்துக் குழையச் சமைத்த பொங்கலே. 136ஆம் பாடலில் ஊனும் நெய்யும் கலந்த வெண்சோறு கூறப்படுகின்றது. இரண்டிலும் புலவர் போற்றியது வகைகளின் எண்ணிக்கையை அன்று. வந்தோரைப் பேணிய பண்பையும் அவர்தம் வாழ்த்தையுமே ஆகும்.

இனி மாத்தளையை நோக்குவோம். வரவேற்புத் தட்டில் முதலிடம் பெறுவது வெற்றிலை பாக்கு. கண்டி இராச்சியத்தின் மலைச்சாரல்களில் விளைந்த பாக்கு, தென்னிந்தியாவுக்கு ஏற்றுமதியான முதன்மைப் பண்டங்களுள் ஒன்று. அவ்வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க ஒல்லாந்தர் பெரிதும் முயன்றனர். சிங்கள மக்களும் வெற்றிலை நீட்டியே விருந்தினரை மதிப்பர். ஆதலின், தோட்டத் தொழிலாளர் இங்கு வருமுன்பே, இவ்வட்டாரத்துப் பாக்கு தமிழகத்தின் மணப்பந்தர்களில் இடம்பெற்றிருத்தல் கூடும். மலிவும் மதிப்பும் ஒரே பொருளில் கூடியிருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியது. தேயிலையும் கொக்கோவும் பின்னர் இறப்பரும் அதன் இடத்தைப் பெற்றன. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. ஊர் வளர்ந்தது, தொழிலாளியின் கடனோ குறையவில்லை.

வழிச்செலவுக்குக் கங்காணி தந்த முற்பணமே கடனின் தொடக்கம். நோய், இறப்பு, திருமணம் ஆகிய ஒவ்வொன்றும் அதனை வளர்த்தன. கடன்தொகை குறித்த சீட்டைத் ‘துண்டு’ என்றனர். அத்தொகையைத் தீர்க்கும் வேறு தோட்டத்துக்கே தொழிலாளி பெயர்ந்து செல்லலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, இடத்துக்கேற்ப ஆணுக்கு 50 முதல் 54 சதமும் பெண்ணுக்கு 40 முதல் 43 சதமுமாகும். கணவனும் மனைவியும் முழுநாள் உழைத்தாலும் இருவர் கூலியும் சேர்ந்து ஒரு ரூபாயை எட்டவில்லை. இத்தகைய வீட்டில் ஒரு திருமணம் நிகழும்போது, வாயிலில் நீட்டும் தட்டில் ஒரு பண்டம் கூடினும் அது பல நாள் உழைப்பை விழுங்கும் என்பது வெள்ளிடைமலை.

அவ்வறுமையிலும் உபசாரம் குன்றாமல் நின்றது எவ்வாறு? பலர் கூடி உழைத்தமையாலேயாம். யாழ்ப்பாணத்தில் திருமணத்துக்குச் சில நாள் முன்னர் நல்வேளை பார்த்துப் பலகாரச் சூடு நடைபெறும். உற்றார் பெண்கள் கூடிப் பயத்தம்பணியாரம், அரியதரம், முறுக்கு முதலியவற்றைச் சுடுவர். மலையகத்து லயங்களிலும் அயல்வீட்டுப் பெண்கள் கூடி மாவிடித்து முறுக்கும் அதிரசமும் வடையும் சுடுவது வழக்கம். கூலி கொடுத்துப் பெறவேண்டிய உழைப்பு உறவாகக் கிடைத்தது. மொய்ப்பணமும் அத்தகையதே. இன்று பெற்றது குறிப்பேட்டில் எழுதப்பட்டு, நாளை அவர் வீட்டு மணத்தில் திருப்பி அளிக்கப்படும். வட்டியில்லாக் கூட்டுறவு என்று அதனைக் கூறுதல் மிகையன்று.

தேநீரின் வரவும் எண்ணத்தக்கது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தம் கையால் கொய்த இலை உலகெங்கும் செல்ல, தூளே தொழிலாளியின் வீட்டில் தங்கிற்று. ஆயினும் அத்தூளே ஏழை வீட்டின் வரவேற்பையும் நிறைவாக்கியது. வெறுந்தேநீரும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் மலைநாட்டில் எவ்வீட்டிலும் மதிப்பான உபசாரமாயின.

நாட்டில் நேர்ந்த உணவு நெருக்கடிகள் இச்சிக்கனத்தைப் பன்முறை சோதித்தன. 1942இல் பர்மா வீழ்ந்தபின் அரிசி வரவு நின்று, பங்கீட்டு முறை வந்தது. 1953இல் 25 சதமாயிருந்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 70 சதமாக்கப்பட, ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. 1970களின் முற்பகுதியில் அரிசியும் மாவும் சீனியும் அரியவாகி, தோட்டப்புறங்களில் பட்டினிச் சாவுகளும் நேர்ந்தன. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில், அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டை எட்டியது; எரிவாயுவும் கிட்டாமல் மக்கள் விறகடுப்பை நாடினர். இக்காலங்களிலும் மணங்கள் நிகழ்ந்தன. மரவள்ளியும் வாழைப்பழமும் தட்டில் ஏறின. வந்தோரின் வாழ்த்துக் குறையவில்லை.

இந்நாளில் வேறொரு போக்குத் தலைதூக்கியுள்ளது. பற்றிஸ், ரோல்ஸ், கட்லட், கேக், குளிர்பானம் எனப் பல வகை அடுக்காவிடின் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் உளர். அயலாரை நோக்கி இவர் அடுக்க, இவரை நோக்கி அயலார் அடுக்குவர். துண்டுச் சீட்டு ஒழிந்தது. அடகுச் சீட்டு அதன் இடத்தில் அமர்ந்தது.

கணக்கிட்டு நோக்கின் நிறைவான உபசாரத்துக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கிலோ உலர்ந்த கௌபியோ கடலையோ ஊறி வெந்தபின் இரு மடங்குக்கு மேல் நிறைபெறும். ஏறத்தாழ முப்பது பேருக்குச் சுண்டலாகும். இருநூறு பேருக்கு ஏழு கிலோ போதும். ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கிராம் தூள் எனக் கொண்டால், இருநூறு கோப்பைத் தேநீருக்கு அரைக் கிலோ அமையும். முறுக்கு முதலிய கெடாத பண்டங்களை முன்னரே சுட்டுவைக்கலாம். வடையை மட்டும் அன்று சுடலாம். உலர்வலயத்துப் பயறும், தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயமும், மாத்தளைத் தோட்டங்களின் மிளகும் அருகிலேயே கிடைப்பன. இரண்டு மூன்று வகை, சூடாகவும் அளவாகவும், முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் முதலில் வழங்கப்படின் குறை கூறுவார் இலர்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வந்தவர் பசியோடிருக்கச் செய்வது கஞ்சத்தனம். தாமும் கடனின்றி, வந்தோரும் மகிழச் செய்வதே சிக்கனம். நம் முன்னோர் ஒரு ரூபாயை எட்டாத கூலியிலும் பின்னதை நிகழ்த்திக் காட்டினர். கல்வி பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த இளைஞர், தம் மணநாளில் தட்டின் அகலத்தைக் குறைத்து உபசாரத்தின் நெஞ்சை விரிப்பாராயின், அவரைப் பின்பற்றும் ஏழைக் குடும்பங்கள் பல கடனினின்றும் விடுபடும். அதுவே நாம் நம் சமூகத்துக்கு அளிக்கும் நல்விருந்தாகும்.