விடியற்காலைப் பால்வெட்டும் உயிரணுச் சுவரும்



ஒளிச்சேர்க்கைப் பாடத்தின்போது மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "டீச்சர், வெயில் வந்தால்தானே மரம் வேலை செய்யும்? பாட்டி ஏன் இருட்டிலேயே பால்வெட்டப் போனாங்க?"

ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்வெட்டியவரின் மகளாகிய நான் சற்றே திகைத்தேன்.

நம் பால்மரம் பிரேசில் நாட்டுக்குரியது. 1876இல் ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை அடைந்தன. 1888இல் அதன் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை 1890களில் வகுத்தார். பின்னர் ஜொகூர்க் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியாகத் தமிழர் பலர் வந்து சேர்ந்தனர்.

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். பகலில் இலைகள் ஒளியைக் கொண்டு சர்க்கரையைத் தயாரிக்கின்றன. அது பட்டை வழியே இறங்கிப் பால்குழல்களில் ரப்பராக மாறுகின்றது. இக்குழல்கள் உயிருள்ள உயிரணுக்கள் இணைந்து உருவானவை. வடியும் பால் அவற்றின் உட்பொருளே. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் வேர் உறிஞ்சும் நீர் வீணாகாமல் குழல்களை நிரப்புகின்றது. விடியுமுன் உள்ளழுத்தம் 10 வளிமண்டல அளவையும் எட்டக்கூடும். மகிழுந்துச் சக்கரத்தின் அழுத்தத்தைப் போல் பன்மடங்கு! வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளியிடுவதால் அழுத்தம் தணிகின்றது; பாலும் குறைகின்றது.

நம் இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டாலே வெடித்துவிடும். விலங்கு உயிரணுவுக்கு மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. தாவர உயிரணுவைக் காப்பது சவ்வுக்கு வெளியே அமைந்த செல்லுலோஸ் சுவர். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு 'செல்' எனப் பெயரிட்டதும் இச்சுவர்கள் சூழ்ந்த வெற்றறைகளையே.

பால்குழல்களுக்கு உட்புறமாக, மரத்தை ஒட்டி, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு உள்ளது. கத்தி அதைத் தொட்டால் மரம் காயப்படும். தலைவிளக்கின் ஒளியில் அந்த ஒரு மில்லிமீட்டரை என் தாயார் கையாலேயே அறிந்திருந்தார். பள்ளி சென்றறியாத அவரிடம் அதன் பெயரை எவரும் சொன்னதில்லை.

ரிட்லியின் பெயர் நூல்களில் உள்ளது. அவர் முறையை நாள்தோறும் நிறைவேற்றியவர்களின் பெயர்கள் இல்லை. இன்று ஜொகூரில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆதலால் அம்மாணவிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: பாட்டியிடம் பால்வெட்டிய முறையைக் கேட்டு, அவர் பெயருடன் எழுதி வரவேண்டும்.