போதைக்கு முன் எடுக்கும் முடிவு: நாமக்கல் வட்டாரத்து இளைஞரும் பாதுகாப்பான உறவும்

1. களம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போட வடமாநிலங்களுக்குப் போகின்றன. பக்கத்துச் சங்ககிரியிலும் லாரித் தொழில்தான். கிளீனராகவோ ரிக் ஆளாகவோ வண்டியேறும் பையன்களில் பலர் இருபதை ஒட்டிய வயதினர். அவர்கள் வீடு திரும்ப வாரங்களாகும். ரிக் என்றால் மாதங்கள்.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டறிந்தனர். பின்னாளில் தமிழகத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் அறியப்பட்டது. இவ்வட்டாரத்து லாரி ஓட்டுநரை மணந்து தொற்றுக்கு ஆளான கௌசல்யா பெரியசாமி, 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். எல்லோரும் ஓட்டுநரைப் பற்றியே பேசிய காலத்தில் கௌசல்யா ஓட்டுநர்களின் மனைவியரைப் பேசவைத்தார். இந்த ஆய்வும் அவர்களை மறந்து நடக்கக் கூடாது.

2. போதை செய்வது என்ன?

ஆணுறையின் பயன் தெரிந்தவனும் குடித்த இரவில் அதைத் தொடாமல் போவது ஏன்? உளவியலாளர்கள் ஸ்டீலும் ஜோசப்சும் 1990இல் தந்த விளக்கம் இது: போதையில் கவனம் குறுகுகிறது. எதிரில் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும். நாளைய விளைவு மங்கிவிடும். தெரிந்தது மறப்பதில்லை, அந்த நேரத்தில் கைகொடுப்பதில்லை.

இதன் மறுபக்கம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. டாரா மெக்டொனால்டு குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மதுக்கூடத்துக்கு வந்தவர்களின் கையில் எய்ட்ஸ் கொல்லும் என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையோடு குடித்தவர்கள், பாதுகாப்பில்லாத உறவுக்குக் குடிக்காதவர்களைவிடவும் தயங்கினார்கள். அளக்கப்பட்டது எண்ணம்தான், செயல் அல்ல. ஆனாலும், குறுகிய கவனத்துக்குள் எச்சரிக்கை நின்றால் போதையே அதைப் பெரிதாக்கும் என்பது தெளிவாகிறது.

3. சம்மதம்

போதையால் நடப்பதை உணர முடியாத பெண் தந்த சம்மதம் சட்டப்படி சம்மதம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு அதை வன்புணர்ச்சி என்கிறது. அங்கே ஆணுறை எதையும் சரிசெய்யாது.

4. செய்யத்தக்கவை

2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கிறது. விற்பவர் அரசு என்பதால் எச்சரிக்கையும் ஆணுறைப் பெட்டியும் பாரிலேயே இருக்கவேண்டும். மருத்துவமனைச் சுவர் அதற்குத் தூரம். கேபின் வெக்கையில் ரப்பர் நலிந்துபோகும் என்பதையும் கிளீனர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பாதுகாப்புத் தவறிய இரவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் தடுப்பு மருந்து தொடங்கலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் கட்டளையிடுகிறது. வெளியூரில் இருக்கும் ரிக் ஆள் 1097ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.