ஏழாண்டு ஒப்பந்தம்: லண்டன் தோல் தொழிலில் பழகுநர் வாழ்க்கை

லண்டனில் தோலை நம்பிப் பிழைத்தவர்கள் எல்லாரும் ஒரே சங்கத்தில் இருந்ததில்லை. புதிய காலணி தைப்பவர்களுக்கு கார்ட்வெயினர்ஸ் என்ற கில்டு இருந்தது. பதனிட்ட தோலில் கொழுப்பும் எண்ணெயும் ஏற்றி மென்மையாக்கியவர்கள் கரியர்ஸ், சேணம் செய்தவர்கள் சாட்லர்ஸ், தோல் வாங்கி விற்றவர்கள் லெதர்செல்லர்ஸ். கிழிந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தவர்கள் இவர்களோடு சேராத தனிக்கூட்டம். கார்ட்வெயினர்களுக்கு 1272இலேயே எழுதிவைத்த விதிமுறைகள் இருந்தன. அரச சாசனம் 1439இல் கிடைத்தது. லெதர்செல்லர்களுக்கு 1444இல் சாசனம் வந்தது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கைவைத்தால் சண்டை, வழக்கு, அபராதம் என்று நீளும். இந்த வேலிக்குள் நுழைய மூன்று வழிகள்: உறுப்பினரின் பிள்ளையாகப் பிறப்பது, பணம் கட்டுவது, பழகுநராகச் சேர்ந்து காலத்தைக் கழிப்பது. வெளியூர் ஏழைப் பையனுக்கு எட்டியது மூன்றாவது மட்டும்தான்.

சேரும்போது ஓர் ஒப்பந்தம் எழுதப்படும். ஒரே ஆட்டுத்தோல் தாளில் ஒரே வாசகத்தை இருமுறை எழுதி, நடுவில் நெளிநெளியாக வெட்டி, ஒரு பாதியை முதலாளியும் மறுபாதியைப் பையன் தரப்பும் வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் தகராறு வந்தால் இரண்டு விளிம்புகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே உண்மைப் பத்திரம் எது என்று தெரிந்துவிடும். பையன் முதலாளியின் தொழில் ரகசியத்தை வெளியிடக் கூடாது, அவர் பொருளை வீணாக்கக் கூடாது. சூதாட்டம், மதுக்கடை, திருமணம் மூன்றும் விலக்கு. முதலாளி தன் பங்குக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும். சாப்பாடு, துணி, படுக்க இடம் தர வேண்டும். சம்பளம் என்று ஒன்று வழக்கமாகக் கிடையாது. பல நேரங்களில் பையனின் குடும்பமே முதலாளிக்கு முன்பணம் கட்டியது. 1563இல் வந்த கைவினைஞர் சட்டம் குறைந்தது ஏழாண்டு என்ற கணக்கை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. நகரங்களில் பழகுநருக்கு 24 வயது நிறையும் முன் அந்தக் காலம் முடியக் கூடாது என்றும் அது சொன்னது.

ஏழாண்டில் அவன் என்ன கற்றான் என்பது எந்தப் பட்டறை என்பதைப் பொறுத்தது. செருப்புப் பட்டறையில் முதல் வேலை ஊசி பிடிப்பதல்ல, நூல் திரிப்பது. சணல் இழைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தொடைமேல் உருட்டி முறுக்க வேண்டும். இரு நுனிகளும் சீராக மெலிந்து வர வேண்டும். பிறகு கீலும் மெழுகும் கலந்த கட்டியில் நூலை அழுத்தி இழுக்க வேண்டும். கடைசியில் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு பன்றி மயிரைப் பிணைக்க வேண்டும், ஊசியின் வேலையைச் செய்வது அதுதான். வளைந்த குத்தூசி தோலில் போடும் துளையும் வளைந்தே போகும். இரும்பு ஊசி அதில் நுழையாது, வளைந்து கொடுக்கும் மயிர் நுழையும். ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் நூலைச் செலுத்தி, இரு கைகளாலும் இழுத்து இறுக்கினால் ஒரு தையல். நூல் சரியில்லை என்றால் மேலே எவ்வளவு அழகாகத் தைத்தாலும் மழைக்காலத்தில் அடித்தோல் பிரிந்துவிடும். அதனால்தான் பையன்கள் மாதக்கணக்கில் நூலோடேயே உட்கார வைக்கப்பட்டார்கள். தோல் வெட்டும் கத்தி வெகுகாலம் கழித்தே கைக்கு வரும், ஏனென்றால் ஒரு தவறான வெட்டு முதலாளிக்கு நேரடி நட்டம்.

தோல் பதனிடும் இடத்துப் பையனின் பாடு இன்னும் கடுமை. நாற்றம் காரணமாக அந்தத் தொழில் நகர எல்லைக்கு வெளியே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பெர்மண்ட்சியில் குவிந்திருந்தது. ஓடைத் தண்ணீரும் தென்மாவட்டக் காடுகளின் ஓக் பட்டையும் அங்கே எளிதில் கிடைத்தன. பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, சரிந்த மரத்தண்டின்மேல் போர்த்தி, இருபிடிக் கத்தியால் மயிரையும் ஒட்டிய சதையையும் சுரண்டுவார்கள். மென்மை வேண்டிய தோலை நாய்மலமோ புறா எச்சமோ கரைத்த நீரில் ஊறப்போடுவார்கள். பிறகு பட்டைச்சாறு நிறைந்த குழிகள். நனைந்த மாட்டுத்தோலைக் கொக்கியால் இழுத்து ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவது இளைஞர் தலையில்தான் விழும். 1604ஆம் ஆண்டுச் சட்டப்படி அடித்தோல் ஓராண்டும் மேல்தோல் ஒன்பது மாதமும் பட்டைநீரில் கிடக்க வேண்டும். பதனிடுபவர் காலணி தைக்கக் கூடாது, காலணி தைப்பவர் பதனிடக் கூடாது. பரிசோதகர்கள் பார்த்து முத்திரை குத்தாத தோல் விற்பனைக்குப் போகக் கூடாது.

முதலாளியின் வீடுதான் பழகுநரின் வீடும். படுக்கை பரணிலோ பட்டறையிலேயோ இருக்கும். முதலாளியம்மா சொல்லும் தண்ணீர் இறைப்பு, விறகு, கடைக்கு ஓட்டம் எல்லாம் முதல் ஓரிரு ஆண்டுகளில் அவன் வேலையில் சேர்த்தி. முதலாளி அடிக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் பட்டினி போட்டாலோ தொழிலே கற்றுத்தராவிட்டாலோ நகர நீதிமன்றத்தில் முறையிட்டு விடுதலை பெற வழி இருந்தது, பலர் அப்படிப் பெற்றார்கள். அடங்காத பையனை பிரைட்வெல் சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் நகராட்சிக்கு இருந்தது. முதலாளி இறந்தால் விதவை பட்டறையைத் தொடர்ந்து நடத்தலாம், இல்லையேல் பையன் வேறொருவரிடம் மாற்றிக் கொடுக்கப்படுவான். பின்னாளில் செராம்பூரில் பைபிளைப் பல இந்திய மொழிகளில் அச்சிட்ட வில்லியம் கேரிக்கு நேர்ந்ததும் இதுவே. நார்த்தாம்டன்ஷயரில் 14 வயதில் செருப்புத் தைக்கச் சேர்ந்தவர், முதலாளி 1779இல் இறந்ததும் இன்னொருவரிடம் போனார். முதல் பட்டறையில் கிடந்த ஒரு விளக்கநூலில்தான் அவர் கிரேக்க எழுத்தை முதலில் பார்த்தார்.

ஆண்டு முழுவதும் இப்படியே போகவில்லை. அக்டோபர் 25, புனித கிறிஸ்பின் நாள், செருப்புத் தொழிலாளரின் திருநாள். அன்று ஊர்வலமும் விருந்தும் உண்டு. 1599இல் தாமஸ் டெக்கர் எழுதிய நாடகம் இந்தப் பட்டறை உலகத்தையே மேடையேற்றியது. இளைஞர் கூட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது. 1517 மே தினத்தில் லண்டன் பழகுநர்கள் வெளிநாட்டுக் கைவினைஞர்களைத் தாக்கிச் சூறையாடினார்கள், சிலர் தூக்கிலிடப்பட்டார்கள்.

செருப்புத் தைக்கக் கற்க உண்மையில் ஏழாண்டு தேவைப்படவில்லை. கெட்டிக்காரப் பையன் பாதிக் காலத்தில் தேறிவிடுவான்; மீதிக் காலம் கூலியில்லா உழைப்பு. போட்டியாளர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதே அந்த நீண்ட காலத்தின் பெரும்பயன் என்பதை மறுக்க முடியாது. சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முடிக்காமலே போனார்கள்: சிலர் நோயில் இறந்தார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் கற்றது போதும் என்று கிளம்பினார்கள். முடித்தவனுக்குக் கிடைத்த பலன் பெரியது. அவன் கில்டு உறுப்பினன், லண்டன் நகரின் உரிமைக் குடிமகன், சொந்தமாகக் கடை திறக்கலாம், தானே பழகுநர் வைத்துக்கொள்ளலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் இந்த விதிகளைத் தளர்த்திக்கொண்டே வந்தன. கட்டாய ஏழாண்டுப் பிரிவை நாடாளுமன்றம் 1814இல் நீக்கியது. பெர்மண்ட்சியின் தோல் தொழில் அதற்குப் பிறகும் வளர்ந்தது; 1833இல் அங்கே தோல் சந்தை எழுந்தது, சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் லண்டன் சந்தைக்கு வந்து சேர்ந்தது. பயிற்சி பட்டறையிலிருந்து பள்ளிக்கு மாறியது. 1887இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய தோல் தொழிற்பள்ளி பின்னர் கார்ட்வெயினர்ஸ் கல்லூரி என்று பெயர் பெற்று, 2000இல் லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனுடன் இணைந்தது. காலணி வடிவமைப்பு அங்கே இன்றும் கற்பிக்கப்படுகிறது.