சாவிக்கொத்தும் நாற்காலியும்

நோயுற்றோரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் மனப்பாடம் செய்தோம். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு செல்கிறோம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். சிறிது செபித்துவிட்டுத் திரும்புகிறோம். மனம் நோயுற்றவரின் வாசலிலோ நம் கால்கள் தயங்குகின்றன. அவரிடம் என்ன பேசுவது? இவ்வினாவையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஒரு செவிலியரை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

ஹில்டகார்ட் பெப்லாவ், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ரெடிங் நகரில், குடியேறிய பெற்றோருக்கு 1909ஆம் ஆண்டு பிறந்தார். 1918இல் நச்சுக் காய்ச்சல் உலகையே உலுக்கியபோது அவர் சிறுமி. காய்ச்சலின் வேகத்தில் மனிதர்கள் தன்னிலை இழந்து பிதற்றுவதைக் கண்டார். அக்காட்சி அவரை விட்டு அகலவில்லை. 1931இல் செவிலியப் பயிற்சியை முடித்தார்.

அந்நாளைய உளநோய் மருத்துவமனைகளில் செவிலியருக்கு அடையாளம் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து. மனநோயாளரைப் பேணுவதற்கெனச் செவிலியரைப் பயிற்றும் பள்ளி, மாசச்சூசெட்ஸின் மக்லீன் மருத்துவமனையில் 1882இலேயே தோன்றியது உண்மைதான். ஆயினும் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், ஈரத்துணி சுற்றி அமைதிப்படுத்துதல், கண்காணித்தல் ஆகியவையே பெரும்பாலும் அவர்களுடைய பணியாயின. நோயாளரோடு அமர்ந்து பேசிக் குணப்படுத்துவது மருத்துவருக்கே உரியதாகக் கருதப்பட்டது. நாள் முழுதும் நோயாளரின் அருகில் இருந்தவரோ செவிலியர்.

இரண்டாம் உலகப் போரின்போது பெப்லாவ் படைச் செவிலியராக இங்கிலாந்து சென்று, போரில் மனம் சிதைந்த வீரர்களிடையே பணியாற்றினார். போர் முடிந்ததும் 1946இல் அமெரிக்க அரசு தேசிய மனநலச் சட்டத்தை இயற்றிற்று. மருத்துவர்களோடு செவிலியரின் உயர்கல்விக்கும் அதனால் பொருளுதவி கிட்டியது. பெப்லாவ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கற்பித்தார். செவிலியருக்கும் நோயாளருக்கும் இடைப்பட்ட உறவைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கையெழுத்துப் படி 1948இலேயே முற்றுப்பெற்றது. நூல் வெளிவந்ததோ 1952இல். மருத்துவர் ஒருவர் இணையாசிரியராக இல்லாமல் ஒரு செவிலியர் தனித்து நூல் எழுதுவதா என்று தயங்கினார்களாம். இதை அறியும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. நம் பங்குக் கூட்டங்களில் பெண்களின் சொல் எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்று எண்ணினால் அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது.

அந்நூல் கூறுவது எளியது, கடைப்பிடிப்பதோ அரிது. செவிலியரும் நோயாளரும் முதலில் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் அந்நியர். ஆகவே அந்நியருக்குக் காட்டும் மரியாதையிலிருந்தே தொடங்க வேண்டும். பின்னர்ச் செவிலியர் தகவல் தருபவராகவும், ஆசிரியராகவும், ஆலோசகராகவும் மாறி மாறி நிற்கிறார். நோயாளர் தம் காலில் நிற்கத் தொடங்கியதும் விலகிக்கொள்கிறார். "எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே, "அப்படியெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்போம். பெப்லாவின் வழியில் பயின்ற செவிலியரோ, "எல்லாரும் என்றால் யார்? என்ன நடந்தது?" என்று கேட்பார். மங்கலான சொல் ஒரு பெயராக, ஒரு நாளாக, ஒரு நிகழ்ச்சியாகத் தெளியும்வரை பொறுமையோடு கேட்பார். உரையாடல் முழுவதையும் மாணவியர் சொல்லுக்குச் சொல் எழுதி, தாம் எங்கே தடுமாறினோம் என்று ஆராய வேண்டும். அவர்களது அச்சமும் அப்பாடத்துக்குள் அடங்கும்.

மனநோய்க்குக் குளோர்புரோமசின் மருந்து பாரிஸில் பயன்படத் தொடங்கியதும் அதே 1952ஆம் ஆண்டில்தான். மாத்திரை விரைந்து பரவிற்று. நூல் மெல்லவே நடந்தது. 1955இல் அமெரிக்க அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். அவர்களுள் கணிசமானோர் முதியோர். இதற்கிடையே 1954இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பெப்லாவ், உளநோய்ச் செவிலியத்தில் தனித்தேர்ச்சி அளிக்கும் முதல் முதுநிலைப் படிப்பை அங்கே அமைத்தார். கோடை விடுமுறைகளில் மாநிலம் மாநிலமாகச் சென்று, அம்மருத்துவமனைகளின் செவிலியருக்குப் பயிற்சி தந்தார். 1999 மார்ச்சில், 89ஆம் வயதில் மறைந்தார்.

இன்று அமெரிக்காவில் உளநோய்த் துறையில் உயர்தேர்ச்சி பெற்ற செவிலியர் நோயை அறுதியிடுகின்றனர்; மருந்தும் எழுதித் தருகின்றனர். அது பெரும் உயர்வுதான். ஆனால் மருந்துச்சீட்டு எழுதும் நேரம் கூடக்கூட, நோயாளரின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமரும் நேரம் குறையுமோ என்னும் கவலை நமக்கு உண்டு.

முதியோரிடத்தில் பெப்லாவின் முறை கடுஞ்சோதனைக்கு உள்ளாகிறது. நோயாளர் செவிலியரைத் தம் தாயாகவோ மகளாகவோ காணக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவரோடு இவர் எதில் ஒத்திருக்கிறார், எதில் வேறுபடுகிறார் என்பதை நோயாளரே உணரத் துணைநிற்க வேண்டும் என்றார். முதுமை மறதி நோயில் அவ்வுணர்வு நிலைப்பதில்லை. எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், "அம்மா எங்கே?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இறந்துவிட்டார்" என்றால் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிதாய் ஒரு சாவு. "வந்துவிடுவார்" என்றால் பொய். தமிழில் செவிலி என்னும் சொல், சங்க அகப்பாடல்களில் மகளின் மனமாற்றத்தை முகத்தில் படித்த வளர்ப்புத் தாயைக் குறிக்கும். அவள் என்ன செய்திருப்பாள்? "உங்கள் அம்மா எப்படி இருப்பார்கள்? சொல்லுங்களேன்" என்று அருகில் அமர்ந்திருப்பாள் என்றே நமக்குத் தோன்றுகிறது. பாட்டி சொல்லத் தொடங்குவார். மூவேளைச் செப மணி அடிக்கும்வரைகூடச் சொல்லிக்கொண்டிருப்பார்.