பொருளாதார மந்தமும் கைத்தறி விற்பனையும்

பொருளாதார மந்தத்தில் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்ற கேள்விக்குத் தமிழகக் கைத்தறி விற்பனையின் வரலாறு சில விடைகளைத் தருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் சந்தவாசல் உள்ளிட்ட ஆரணி வட்டார ஊர்களில் பட்டு நெசவு நடைபெறுகிறது. பட்டுப்புடவை அன்றாடத் தேவையன்று. திருமணத்துக்கும் பண்டிகைக்கும் வாங்கப்படுவது. வருமானம் குறைந்தால் குடும்பங்கள் தள்ளிப்போடும் செலவுகளுள் அதுவும் ஒன்று. கடையில் புடவை தேங்கினால் தறிக்குப் பாவு வருவது நின்றுவிடும். எனவே இது கடைக்காரரின் கவலை மட்டுமன்று. நெசவாளர் வீட்டு அடுப்பும் இதை நம்பியே எரிகிறது.

1930கள்: கூட்டுறவு விற்பனை

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தால் சென்னை மாகாணத்தில் நெல் முதலிய விளைபொருள்களின் விலை கடுமையாக வீழ்ந்தது. உழவர் கையில் பணம் இல்லாததால் துணி விற்பனையும் சரிந்தது. ஆலைத் துணியும் ஜப்பானிய இறக்குமதித் துணியும் மலிவாகக் கிடைத்தன. நூலைக் கடனுக்கு வாங்கி நெய்தவர்கள், வியாபாரி கேட்ட விலைக்கே துணியைக் கொடுக்க வேண்டியிருந்தது. இச்சூழலில் 1935ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர் பெற்றது. சிறு சங்கங்களின் துணிகளை ஒரே பெயரில் பல ஊர்களில் விற்க இது வழிசெய்தது.

1952–53: வாங்குபவரைத் தேடி

1952இல் கைத்தறித் துணிகள் மீண்டும் பெருமளவில் தேங்கின. வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சர் இராஜாஜி மத்திய அரசை வலியுறுத்தினார். 1953இல் அண்ணாதுரை உள்ளிட்ட திராவிட முன்னேற்றக் கழகத்தினர் கைத்தறித் துணிகளைச் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அரசியலில் எதிரெதிரே நின்ற இரு தரப்பும் இச்சிக்கலில் நெசவாளர் பக்கம் நின்றன. முன்னது சட்டத்தின் வழியாகச் சந்தையைக் காக்க முயன்றது; பின்னது கடைக்கு வராதவரின் வாசலுக்கே சென்றது.

தள்ளுபடியின் சுமை

மந்த காலத்தில் விலையைக் குறைப்பது எளிதாகத் தோன்றும் வழி. ஆனால் அந்தக் குறைப்பை யார் ஏற்பது என்பதே முதன்மையான கேள்வி. 1953ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்குக் காலணா கூடுதல் தீர்வை விதித்தது. அந்த நிதி காதி, கைத்தறி வளர்ச்சிக்கும் விற்பனைக்கும் பயன்பட்டது. இதனால் நெசவாளர் கூலியைக் குறைக்காமலே வாங்குபவருக்குத் தள்ளுபடி தர முடிந்தது. இத்தகைய ஆதரவு இல்லாத இடத்தில் தள்ளுபடியின் சுமை கூலியின் மீதே விழும். கூலி குறைந்தால் நெசவாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பிறகு வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் நெய்து தர ஆள் இருக்காது.

தவணையும் நம்பகமும்

விலையைக் குறைக்காமல், பணம் செலுத்தும் காலத்தை வாங்குபவரின் வரவுக்கு ஏற்ப அமைப்பது மற்றொரு வழி. கோ-ஆப்டெக்ஸ் அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாக் கடனில் துணி விற்கிறது. மாதாந்திரச் சேமிப்புத் திட்டத்தில் சேருவோர் சிறுகச் சிறுகப் பணம் கட்டி, நிறுவனம் சேர்க்கும் தொகையுடன் முதிர்வின்போது துணி வாங்கலாம்.

பணம் குறைவாக இருக்கும்போது ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சமும் கூடும். 2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் அறிமுகமான சில்க் மார்க் முத்திரை, தூய பட்டுக்கு உறுதி அளிக்கிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பட்டுப்புடவையை நெய்தவரின் படத்தைப் புடவையுடனேயே இணைக்கும் முறையைக் கோ-ஆப்டெக்ஸ் பின்னர் கொண்டுவந்தது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எளிய நிகழ்ச்சிகளாகச் சுருங்கின. பட்டு விற்பனை முடங்கியது. கடை திறக்க முடியாத நாள்களில் இணையவழி விற்பனையும் கைப்பேசியில் புடவைப் படங்களை அனுப்புவதும் வாடிக்கையாளருடனான தொடர்பு அறுந்துவிடாமல் காத்தன. 1953இல் தெருவுக்கு வந்த துணி, இம்முறை கைப்பேசித் திரைக்கு வந்தது.