மஹா மான் மீண்டு வந்த வரலாறு



சில வாரங்களுக்கு முன் நமது மத்ரஸா மாணவர்களை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று வந்தோம். மறுநாள் பாடவேளையில் ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், பூனையைக் கட்டிவைத்த பெண் நரகம் சென்றாள் என்று நீங்கள் பாடம் நடத்தினீர்களே, இத்தனை விலங்குகளை அடைத்து வைப்பது மட்டும் பாவம் ஆகாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் கூறிக் கடந்து போவதைவிட, அரபு மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கூறுவதே தக்க பதில் என்று நமக்குத் தோன்றியது. அதையே இங்கும் பகிர்ந்து கொள்கிறோம்.

அரபியர் ‘மஹா’ என்றழைக்கும் விலங்கை உலகம் அரேபிய ஓரிக்ஸ் என்று அறிகிறது. வெண்ணிற உடலும், கருநிறக் கோடுகள் கொண்ட முகமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் நீண்டு நேராக வளர்ந்த கொம்புகளும் உடைய இரலை இனம் அது. பனித்துளியிலும் செடிகொடிகளிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே நெடுநாள் தண்ணீரின்றி வாழக்கூடியது. அழகிய கண்களுக்கு உவமையாக அரபுக் கவிஞர்கள் மஹாவின் கண்களையே காலங்காலமாகக் கூறி வந்தனர். இத்தகைய காட்டு மாட்டினத்தை இஹ்ராம் நிலையில் கொன்றவர் அதற்கு ஈடாக ஒரு மாட்டைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்பதை ஃபிக்ஹு நூல்களில் காணலாம்.

ஒட்டகத்தின் மீதேறி ஈட்டியுடனும் பழைய துப்பாக்கியுடனும் வேட்டையாடிய காலம்வரை மஹா இனம் தாக்குப்பிடித்தது. எண்ணெய் வளம் வந்து, மோட்டார் வாகனங்களும் தானியங்கித் துப்பாக்கிகளும் பாலைவனத்தில் நுழைந்தபின் நிலைமை தலைகீழானது. உணவுக்கான வேட்டை பொழுதுபோக்காக மாறியது. மறைந்து கொள்ள மரங்களற்ற சமவெளியில் வாகனத்தின் வேகத்திலிருந்து அந்த விலங்கு தப்ப இயலவில்லை. 1972ஆம் ஆண்டு ஓமானின் ஜித்தத்துல் ஹராஸீஸ் சமவெளியில் எஞ்சியிருந்தவையும் கொல்லப்பட்டன. அத்துடன் அரேபியப் பாலைவனத்தில் மஹா இல்லாமற் போயிற்று.

எனினும், இந்த முடிவை முன்னுணர்ந்த சிலர் பத்தாண்டுகளுக்கு முன்பே செயலில் இறங்கியிருந்தனர். 1962இல் பிரிட்டனைச் சேர்ந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, கென்யாவின் தலைமை வனவிலங்குக் காப்பாளராக இருந்த மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில் ஒரு குழுவை இன்றைய யமனின் கிழக்குப் பகுதிக்கு அனுப்பியது. அவர்களுக்குக் கிடைத்தவை நான்கே நான்கு விலங்குகள். அவற்றிலும் ஒன்று இறந்துவிட்டது. அதன் உடலில் முன்னர் பட்ட துப்பாக்கிக் குண்டின் காயம் இருந்தது. எஞ்சிய மூன்றும் நோய்த்தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டபின், 1963இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையை அடைந்தன. அங்குள்ள வெப்பமும் வறட்சியும் அரேபியாவை ஒத்திருந்ததே அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். லண்டன் மிருகக்காட்சிசாலை ஒன்றும், குவைத் ஒன்றும், சவூதி மன்னர் சுஊத் நான்கும் வழங்க, மொத்தம் ஒன்பது விலங்குகளைக் கொண்டு ‘உலக மந்தை’ உருவானது.

இனப்பெருக்கம் எளிதாக நடந்துவிடவில்லை. ஏறத்தாழ எட்டு மாதச் சினைக்காலத்திற்குப்பின் ஒரு கன்றுதான் பிறக்கும். சில விலங்குகளிலிருந்தே மந்தை பெருகுவதால், நெருங்கிய உறவுக்குள் இணைந்து வருங்காலக் கன்றுகள் பலவீனமாகும் அபாயமும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு கன்றின் தாய் தந்தையையும் பதிவேட்டில் குறித்து, எதனை எதனுடன் சேர்ப்பது என்று கணக்கிட்டனர். ஒரே நோயில் அனைத்தும் அழிந்துவிடாதிருக்க, பெருகிய மந்தையைப் பிரித்து சான் டியேகோ முதலிய இடங்களுக்கும் அனுப்பினர். ஃபீனிக்ஸில் மட்டும் இதுவரை 200க்கும் மேற்பட்ட கன்றுகள் பிறந்துள்ளன, அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர் தாயகம் திரும்பும் காலம் வந்தது. ஓமானில் சுல்தான் காபூஸின் ஆதரவுடன் 1980இல் முதல் விலங்குகள் யாலூனி என்ற இடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை உடனே அவிழ்த்து விடவில்லை. முதலில் சிறு பட்டியிலும், பிறகு பரந்த வேலிக்குள்ளும் வைத்து, ஒரே மந்தையாகப் பழகச் செய்தனர். 1982 ஜனவரி 31 அன்று பத்து விலங்குகள் திறந்தவெளிக்கு அனுப்பப்பட்டன. அவற்றைக் காவல் காக்க அமர்த்தப்பட்டவர்கள் அதே சமவெளியின் ஹராஸீஸ் கோத்திரத்தார். சவூதியிலும் தாயிஃப் நகரில் 1986இல் ஆய்வு மையம் நிறுவப்பட்டு, அங்கு வளர்ந்த மஹா மான்கள் 1990 முதல் மஹாஸாத்துஸ் ஸைத் காப்பகத்தில் விடப்பட்டன.

இவ்வரலாற்றில் நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய பக்கமும் உண்டு. ஓமானின் மந்தை 1996இல் சுமார் 450 ஆகப் பெருகியிருந்தது. அவ்வேளையில் கள்ள வேட்டை மீண்டும் தொடங்கியது. இம்முறை இறைச்சிக்காக அல்ல. செல்வந்தர்களின் தனியார் தோட்டங்களுக்கு உயிருடன் பிடித்து விற்பதற்காக! 2007இல் எஞ்சியவை வெறும் 65. காப்பகத்தின் பரப்பையும் அரசு 90 விழுக்காடு குறைத்தது. அவ்வாண்டே யுனெஸ்கோ தனது உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அவ்விடத்தை நீக்கியது. அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. ஆயினும் பிற நாடுகளின் முயற்சிகள் தொடர்ந்தன. 2011இல் திறந்தவெளியில் வாழும் மஹா மான்கள் ஏறத்தாழ ஆயிரமாக உயர்ந்தன; சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் அவ்வினம் எதிர்கொள்ளும் அபாயத்தின் நிலையைக் குறைத்து அறிவித்தது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். கிரிம்வுட்டின் குழுவும் மஹாவைப் பிடித்தது. கள்ள வேட்டைக்காரர்களும் பிடித்தனர். இரண்டிலும் கயிறும் கூண்டும் ஒன்றே. ஆனால் முன்னவர்கள் திருப்பிக் கொடுப்பதற்காகப் பிடித்தனர். பின்னவர்கள் தமதாக்கிக் கொள்ளப் பிடித்தனர். புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸில், அப்பெண் பூனைக்கு உணவளிக்கவுமில்லை, தானே இரைதேட விடவுமில்லை என்பதையே நபி (ஸல்) அவர்கள் குற்றமாகச் சுட்டிக்காட்டினார்கள். ஆக, அடைத்து வைப்பவர் மீது உணவு, நீர், நிழல், மருத்துவம் ஆகிய அனைத்தும் கடமையாகின்றன. சூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம் விலங்குகளையும் சமுதாயங்களாகவே குறிப்பிடுகிறது. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நம் வீட்டில் கிளிக்கூண்டோ, மீன்தொட்டியோ, கொல்லையில் ஆடோ கோழியோ இருந்தால், இன்று மாலை குழந்தைகளுடன் அதன் அருகில் சென்று பாருங்கள். தண்ணீர் இருக்கிறதா? வெயில் படாத இடமா? அவற்றைப் பற்றியும் நாளை நாம் விசாரிக்கப்படுவோம். அமானிதத்தைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.