நாகைப் புத்தப் பள்ளிகளும் அவற்றைக் கண்டோர் குறிப்புக்களும்

சோழர் காலத்துச் சூடாமணி விகாரத்தைக் காணும் விழைவோடு இன்றும் நாகப்பட்டினத்துக்குச் செல்வோர் உளர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தபின் இவ்விழைவு மிகுந்திருத்தல் இயல்பே. ஆயின், சென்றோர் கண்டு மகிழ அங்கே கட்டடம் ஏதும் இல்லை. 1867ஆம் ஆண்டில் இடிக்கப்பட்ட செங்கற் கோபுரமே அவ்விகாரம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகின்றது. நூல்கள் சிலவும் அவ்வாறே எழுதிச் செல்கின்றன. இவ்விரண்டும் ஒன்றே எனத் துணிதல் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

விகாரத்தின் தோற்றம் ஐயத்துக்கு இடமின்றி விளங்குவது. கடாரத்தரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுப்பித்த பள்ளிக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவ்வூரின் ஆண்டு வருவாய் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். அக்கொடையைக் கூறும் பெரிய செப்பேடுகளின் வடமொழிப் பகுதி, விகாரத்தின் உயர்ச்சி மேருவையும் சிறிதாக்கிற்று எனப் புகழ்கின்றது. புலவர் மரபுக்கு இஃது ஏற்றதே. எனினும், கட்டடத்தின் வடிவை அறிய விழைவார்க்கு இதனால் ஒரு பயனும் இல்லை. முதற் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டுச் சிறிய செப்பேடுகளோ (கி.பி. 1090) இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என இரண்டனைச் சுட்டுகின்றன. எனவே நாகையில் பள்ளி ஒன்றே இருந்தது எனக் கொள்ளல் கூடாது.

இனி, கண்டோர் கூற்றுக்களுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் கடல்வழிச் சென்ற சீனப் பயணி வாங் தாயுவான், சமவெளியொன்றில் மண்ணாலும் செங்கல்லாலும் ஆகிய உயர்ந்த கோபுரத்தைக் குறிக்கின்றார். அது கி.பி. 1267இல் முற்றுப்பெற்றதாகக் கூறும் சீன எழுத்துக்கள் அதில் இருந்தன என்பதும் அவர் கூற்றே. அவ்விடம் நாகப்பட்டினமே என அறிஞர் கருதுவர். பெகு நாட்டு மன்னன் தம்மசேதி 15ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் பொறித்த கல்யாணிக் கல்வெட்டு மற்றொரு செய்தி தருகின்றது. இலங்கையினின்று மீண்ட தேரர் சிலர் கலம் உடைந்து, கால்நடையாக நாகையை அடைந்து, பதரிகாராமம் இருந்த இடத்தைக் கண்டனர். சீன தேயத்து அரசன் அமைப்பித்த குகையில் புத்தர் திருவுருவத்தை வழிபட்டனர் என்பதே அது. சீனரும் மியன்மார் நாட்டவரும் தனித்தனியே, ஒருவரை ஒருவர் அறியாது, சீனத் தொடர்பையே கூறுவது கருதத்தக்கது.

சர் வால்டர் எலியட் 1846இல் கண்ட கோபுரம் நாற்சதுரமானது, மூன்று நிலைகளையுடையது, சாந்தின்றிச் செங்கற்கள் நெருங்கப் பொருந்திய கட்டடம். ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் வாயில் போன்ற திறப்பு இருந்தது. அலங்காரமற்ற அவர் உரைநடை மேருவின் உவமையினும் நமக்கு மிகுதியாகப் பயன்படுகின்றது. மக்கள் அதனைப் 'புதுவெளிக் கோபுரம்' என்றனர்; ஐரோப்பியர் 'சீனக் கோயில்' என்றும் 'கருங்கோயில்' என்றும் வழங்கினர்; நில அளவைப் படத்தில் அது 'சமணக் கோயில்' ஆயிற்று. இவற்றுள் சீனக் கோயில் என்னும் பெயரை அயலார் அறியாமையால் இட்டது எனத் தள்ளிவிடுவர். மேற்கண்ட இரு சான்றுகளையும் நோக்கின், அப்பெயரே பழமையான செய்தியொன்றைப் பேணிவந்தது எனல் தகும். அங்ஙனமாயின், இடிபட்டது கி.பி. 1267இன் கோபுரமாகலாம், சூடாமணி விகாரம் அதற்கு முன்பே வேறிடத்தில் அழிந்திருத்தல் கூடும்.

இடிப்புக்கு இசைவு பெற்றவர் இயேசு சபையினர். இசைவு அளித்தது சென்னை அரசாங்கம். அப்பொழுது ஆனைமங்கலச் செப்பேடுகள் கடல் கடந்து லெய்டன் சேர்ந்திருந்தன. அவற்றைப் பர்ஜெஸ் தம் நூலில் வெளியிட்டது 1886இல். கோபுரம் வீழ்ந்து 19 ஆண்டுகள் கழிந்தபின். இன்னதெனத் தெரியாத கட்டடத்துக்காகப் பரிந்து பேசுவார் எவர்?

கோபுரம் நின்ற வளாகத்தில் 1856இல் பெரிய இலுப்பை மரமொன்றை வெட்டியபோது அதன்கீழ்ப் புதைந்திருந்த திருமேனிகள் ஐந்து வெளிப்பட்டன. அதன் பின்னர் நாகையிற் கிடைத்தவை ஏறத்தாழ 350. இவற்றுட் பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்காக டி. என். இராமச்சந்திரன் 1954இல் ஆராய்ந்து வெளியிட்டார். வந்து கண்டோர் அனைவரும் அயலரசரையே பேசினர். உள்ளூர் வழிபாட்டினரை ஒருவரும் குறித்திலர். அவர்களைக் காட்டுவன இத்திருமேனிகளின் பீடங்களே. அவற்றுள் ஒன்று, இராசேந்திரசோழப் பெரும்பள்ளியிலிருந்த அக்கசாலைப் பெரும்பள்ளிக்கு உரியது. திருவிழாவில் எழுந்தருளுவதற்காகச் சிறுதவூரைச் சேர்ந்த ஒருவர் அதனைச் செய்தளித்தார் எனத் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதில் புத்தர்க்கு வழங்கும் பெயர் ஆழ்வார்.